மாணவர் உளநலம்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. பிள்ளையை உளவளத்துணைக்கோ வைத்தியசாலைக்கோ அனுப்பும்படி பள்ளிக்கூடம் சொல்கிறது. அது எப்படி நடக்கும், அங்கே என்ன பார்ப்பார்கள், பெற்றோரும் ஆசிரியரும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியவர்களையோ பிள்ளைகளையோ அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

*

கேள்வி: என் மகன் தரம் 4 இல் படிக்கிறான். வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை எழுதுகிறானில்லை, தனக்குள்ளேயே இருக்கிறான், ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தருகிறோம்" என்றார். கடிதம் உளநலக் கிளினிக்குக்கு என்றதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. மாமியார் நூல் கட்டினால் சரிவரும் என்கிறார். இது பிள்ளையின் விடுகைப் பத்திரத்தில் வருமா?
– தாய், கோண்டாவில்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம், அம்மா. விடுகைப் பத்திரம் மருத்துவ விபரம் எழுதுகிற இடமல்ல. மகன் கிளினிக்குக்குப் போனது அதில் வரத் தேவையில்லை. பள்ளிக்கூடம் தருகிற கடிதமும் ஒட்டிய உறையில் உங்கள் கைக்குத்தான் வர வேண்டும். ஆசிரியர் அறையில் எல்லோரும் அதைப்பற்றிக் கதைக்கிறார்கள் என்று தெரிந்தால் அதிபரிடம் நேரே சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வகுப்பில் செய்யக்கூடியதைச் செய்து பார்த்தாயிற்று, பிள்ளைக்கு எதுவோ இடைஞ்சலாக இருக்கிறது, தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்பதற்காகத்தான் கடிதம் தருகிறார்கள். வழமையாக வகுப்பாசிரியர் கவனித்ததை பகுதித் தலைவருக்குச் சொல்வார். பிறகு உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியர் பிள்ளையோடு இரண்டு மூன்று தடவை தனியே கதைப்பார். அதன்பின் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லி, அதிபரின் கையொப்பத்தோடு கடிதம் வரும்.

எல்லாக் கடிதமும் உளநலக் கிளினிக்குக்குப் போக வேண்டியதில்லை. பார்வை, கேட்டல், உடல்நலம் பற்றிய சந்தேகம் என்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைதான் முதற்படி. பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கும். உங்கள் மகன் தரம் 4 என்பதால் இந்த வருடப் பரிசோதனை முடிந்துவிட்டதா, கண்ணையும் காதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். வாசிப்பும் எழுத்தும்தான் சிக்கல் என்றால் வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பிரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. வீட்டில் குடி, சண்டை, பிரிவு என்று பாரம் இருந்தால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கும் சிறுவர் உரிமைக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பயம், நித்திரையின்மை, பேசாமை, அளவுக்கு மிஞ்சிய துருதுருப்பு என்றால்தான் யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. தூரமென்றால் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் கேட்கலாம். சேவை இலவசம். எந்த நாளில் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்று முதலே போனில் கேட்டுக்கொண்டு போங்கள். பலர் நாள் தெரியாமல் போய், திரும்பி வந்து, அதோடு விட்டுவிடுகிறார்கள்.

கடிதத்தோடு பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதார வளர்ச்சிப் புத்தகம், கடைசி மூன்று தவணை அறிக்கைகள், பழைய கிளினிக் துண்டுகள், இரண்டு கொப்பிகள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கொப்பிகளில் ஒன்று வருடத் தொடக்கத்தில் எழுதியதாகவும் மற்றது இப்போது எழுதுவதாகவும் இருக்கட்டும். அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே மருத்துவருக்கு நிறையத் தெரியும். பகலில் பிள்ளையோடு இருப்பது அம்மம்மா என்றால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். முதல்நாள் பெரும்பாலும் கதைதான் நடக்கும். பிறந்த நிறை எவ்வளவு, பிறந்தவுடன் அழுதானா, எப்போது நடந்தான், எப்போது சொல் சேர்த்துப் பேசினான், வலிப்பு வந்ததா, எத்தனை மணிக்குப் படுக்கிறான், போன் எவ்வளவு நேரம் பார்க்கிறான் என்று கேட்பார்கள். இவற்றை இரவே ஒரு தாளில் எழுதி வைத்தால் அங்கே தடுமாறமாட்டீர்கள்.

மகனிடம், "படிக்கிறதில எது உனக்குக் கஷ்டமா இருக்கு எண்டு பார்க்கிற டொக்டரிட்டப் போறம்" என்று சொன்னால் போதும். ஊசி, அடி, விடுதி என்று வெருட்ட வேண்டாம். மாமியாரின் மனத் திருப்திக்காக நூல் கட்டுவதில் தவறில்லை. ஆனால் நூல் கட்டிவிட்டு "ஒரு மாதம் பார்ப்போம்" என்று கிளினிக் நாளைத் தள்ளாதீர்கள். கோயிலுக்குப் போன கையோடு கிளினிக்குக்கும் போகலாம்.

*

கேள்வி: என் வகுப்பில் 41 பிள்ளைகள். மூன்று பேரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. கடிதம் எழுதினால் "போதிய விபரம் இல்லை" என்று திரும்பி வருகிறது. எதை எழுதுவது?
– வகுப்பாசிரியை, வடமராட்சி

பதில்: நல்ல கேள்வி, ரீச்சர். பிள்ளைக்கு எவ்வளவு விரைவில் உதவி கிடைக்கும் என்பதை உங்கள் ஒரு பக்கக் கடிதம்தான் தீர்மானிக்கிறது. கிளினிக்கில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சொற்ப நேரம். புதிய இடத்தில் பிள்ளை அமைதியாக, மரியாதையாக இருக்கும். வகுப்பில் நடப்பது அங்கே நடக்காது. அதை மருத்துவர் காண்பதற்கு உங்கள் எழுத்தை விட்டால் வேறு வழியில்லை.

கடிதங்கள் திரும்பி வருவதற்கு முக்கிய காரணம், கண்டதை எழுதாமல் முடிவை எழுதுவதுதான். "மாணவர் கவனக்குறைவானவர், பிடிவாதக்காரர், ஏ.டி.எச்.டி. என நினைக்கிறேன்" என்ற வரியில் தகவல் எதுவும் இல்லை. (ஏ.டி.எச்.டி. என்பது கவனக்குறைவும் அளவுக்கு மிஞ்சிய துருதுருப்பும் சேர்ந்த கோளாறு.) அதே பிள்ளையைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்: "கணித பாடவேளையில் ஆறு தடவை இடத்தைவிட்டு எழும்பினார். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது இரண்டு வரிக்கு மேல் போவதில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னால் ஐந்து கணக்கையும் செய்கிறார். சித்திரப் பாடத்தில் முழு நேரமும் இருக்கிறார். இடைவேளைக்குப் பின்னரே கூடுதலாகச் சிரமப்படுகிறார்." இதைப் படிக்கிற மருத்துவருக்கு உடனே நாலு கேள்வி எழும். கரும்பலகை தெரிகிறதா? காலையில் சாப்பிட்டு வருகிறாரா? எழுத்தில்தான் சிக்கலா, எண்ணிலா? சித்திரத்தில் முழு நேரமும் இருக்க முடிகிறதென்றால் கவனத்தில்தான் கோளாறு என்று சொல்லலாமா?

இரண்டு கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். 41 பேரோடு நாள் முழுக்கக் கவனிக்க முடியாது, தேவையுமில்லை. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, ஒரு பாடவேளை. எழும்பினது, அடித்தது, வெளியே பார்த்துக்கொண்டிருந்தது என்று நீங்கள் கவலைப்படுகிற ஒரு செயலை மட்டும் தெரிந்துகொண்டு, நடக்கும்போதெல்லாம் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அதே பாடவேளையில் அருகில் இருக்கிற சாதாரண பிள்ளை ஒன்றுக்கும் கோடு போடுங்கள். இந்த ஒப்பீடு கடிதத்துக்கு மிகவும் பெறுமதியானது. மற்றப் பிள்ளையும் நான்கு தடவை எழும்பியிருந்தால், சிக்கல் வகுப்பில் இருக்கலாம். நடந்ததற்குச் சற்று முன் என்ன நடந்தது, நடந்தபின் என்ன கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். வாசிக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும் சண்டை பிடித்து, வெளியே நிறுத்தப்படுகிற பிள்ளைக்கு வெளியே நிற்பது தண்டனையில்லை. வாசிக்காமல் தப்ப அதுதான் வழி.

நீங்கள் செய்து பார்த்த மாற்றங்களை எழுத மறக்க வேண்டாம்: முன் வாங்கில் இருத்தினேன், வேலையைப் பாதியாக்கினேன், நண்பரோடு சேர்த்தேன், எத்தனை கிழமை, என்ன மாறியது. பிள்ளை நன்றாகச் செய்கிறவற்றையும் இரண்டு வரியில் எழுதுங்கள். அதில்லாத கடிதம் குற்றப்பத்திரிகை போல இருக்கும். பெற்றோர் படித்தால் கிளினிக்குக்கே போகமாட்டார்கள். வரவு விபரம், சமீபத்தில் வீட்டில் நடந்த மரணம், வெளிநாட்டுப் பயணம், பிரிவு இருந்தால் ஒரு வரி. பரம்பரைக் கதை, ஊர்க்கதை வேண்டாம்.

இன்னொன்று. பாடத்தின் நடுவே சில விநாடிகள் கண் நிலைத்து, கூப்பிட்டாலும் கேளாமல், பிறகு எதுவும் நடக்காதது போல எழுத்தைத் தொடர்கிற பிள்ளை இருந்தால், "பகற்கனவு காண்கிறார்" என்று எழுதாதீர்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கக்கூடும். எத்தனை விநாடி, ஒரு நாளில் எத்தனை தடவை என்று குறித்து, குழந்தை மருத்துவரிடம் காட்டும்படி தனியாகச் சொல்லுங்கள். அதேபோல காது ஓடுகிற பிள்ளைக்கு ஒரு கிழமை நன்றாகக் கேட்கும், மறு கிழமை மந்தமாக இருக்கும். அதை "விருப்பமிருந்தால் கேட்கிறான்" என்று எடுத்துவிடுகிறோம். உளநலப் பரிசோதனைக்கு முன் கண்ணும் காதும் பார்க்கப்பட வேண்டும் என்று நாங்கள் இத்தனை வற்புறுத்துவது இதனால்தான்.

*

கேள்வி: மகளுக்காக 25 கேள்விகள் உள்ள ஒரு தாளை ஆசிரியரும் நிரப்பினார், நானும் நிரப்பினேன். ஆசிரியருடையது 18, என்னுடையது 12. ஆசிரியரின் தாளில் "அசாதாரணம்" என்று எழுதியிருக்கிறது. யாருடையது சரி?
– தந்தை, சாவகச்சேரி

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், ஐயா. நீங்கள் சொல்வது எஸ்.டி.கியூ. என்கிற, பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் பற்றிய வினாக்கொத்து. தமிழிலும் இருக்கிறது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. ஐந்தைந்தாக ஐந்து பகுதிகள்: மன உணர்வு, நடத்தை, துருதுருப்பும் கவனமும், சகபாடிகளோடு உறவு, பிறருக்கு உதவும் குணம். உதவும் குணத்தை விட்டுவிட்டு மற்ற நான்கையும் கூட்டினால் 40க்கு இவ்வளவு என்று வரும். அந்த வினாக்கொத்தின் முதல் வரையறைப்படி ஆசிரியர் தாளில் 16உம் அதற்கு மேலும், பெற்றோர் தாளில் 17உம் அதற்கு மேலும் கூடிய மட்டம் ("அசாதாரணம்"). இவை பிரித்தானியப் பிள்ளைகளை வைத்து வகுத்த எல்லைகள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு 16க்கும் 15க்கும் நடுவில் சுவர் எழுப்ப முடியாது. "அசாதாரணம்" என்ற சொல்லைப் பிள்ளைக்குரிய பெயராக எடுக்க வேண்டாம். இன்னும் விபரமாகப் பார்க்க வேண்டியவர்களைத் தெரிந்தெடுக்கவே இந்தத் தாள். நோய் எது என்று அது சொல்லாது.

முதலில் கூட்டலைச் சரிபாருங்கள். ஐந்து வாக்கியங்கள் நல்ல பக்கமாக எழுதப்பட்டவை. "தொடங்கிய வேலையை முடிப்பார்" போன்றவை. அவற்றுக்குப் புள்ளியைத் திருப்பிப் போட வேண்டும். இதை மறந்தால் நல்ல பிள்ளைக்கும் கூடிய புள்ளி வரும். அடிக்கடி நடக்கிற பிழை இதுதான். அடுத்து, கடந்த ஆறு மாதத்தை நினைத்து நிரப்பும்படி அந்தத் தாள் கேட்கிறது. வருடத் தொடக்கத்தில் வகுப்பைப் பொறுப்பெடுத்து மூன்று கிழமையில் நிரப்பிய ஆசிரியரின் தாளில் பயன் குறைவு.

கூட்டல் சரி என்றால், மொத்தத்தை விட்டு ஐந்து பகுதியையும் தனித்தனியே பாருங்கள். ஆசிரியருக்குச் சகபாடி உறவில் புள்ளி ஏறி, உங்களுக்கு ஏறவில்லையென்றால், பள்ளியில் யாரோ அவரை ஒதுக்குகிறார்கள் அல்லது கேலி செய்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. துருதுருப்பு ஒரு இடத்தில் மட்டும் தெரிந்தால் அதை ஏ.டி.எச்.டி. என்று எடுப்பதில்லை. அதற்கு 12 வயதுக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்தில் தெரிய வேண்டும். மகளுக்கு 11 வயது தாண்டியிருந்தால் அவரே நிரப்பும் தாளும் இருக்கிறது. அதையும் கேட்டு வாங்குங்கள். கவலையை உள்ளுக்குள் வைத்திருக்கிற பிள்ளைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் தவறவிடுவார்கள். அவர்களின் சொந்தத் தாளில்தான் அது வெளிவரும்.

*

கேள்வி: தரம் 6 படிக்கும் பேத்திக்கு, கனடாவில் இருக்கும் என் மகள் ஒழுங்குசெய்து ஒன்லைனில் ஆங்கிலத்தில் ஐ.கியூ. பார்த்தார்கள். 68 என்று வந்தது. விசேட கல்வி அலகுக்கு மாற்றச் சொல்கிறார்கள்.
– அம்மம்மா, நெல்லியடி

பதில்: அந்த 68ஐ வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், அம்மா. தமிழில் நினைக்கிற, தமிழில் படிக்கிற பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டால், அளக்கப்படுவது பெரும்பாலும் ஆங்கிலந்தான். கமராவுக்கு முன்னால், தெரியாத ஒருவரோடு, இணைப்பு விட்டுவிட்டு வந்தால் இன்னும் மோசம்.

முறையாகச் செய்யும் பரிசோதனையில் சராசரி 100. 85க்கும் 115க்கும் இடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இருப்பர். எந்தப் புள்ளியும் ஒரு ஐந்து கூடக் குறைய இருக்கலாம் என்று எடுத்தே வாசிப்பார்கள். 68 என்பது 63க்கும் 73க்கும் இடையில் எங்காவது. அதைவிட முக்கியம், அறிவு வளர்ச்சியில் குறைபாடு என்று சொல்வதற்குப் புள்ளி மட்டும் போதவே போதாது. கடைக்குப் போய் மிச்சக்காசு சரிபார்த்து வாங்குகிறாரா, தனியாகக் குளித்து உடுத்துகிறாரா, பஸ்ஸில் எங்கே இறங்குவது என்று தெரிகிறதா, சொல்லியனுப்பிய செய்தியைச் சரியாகச் சொல்கிறாரா என்று அன்றாட வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். நீங்கள்தான் அதை நன்றாக அறிந்தவர். எழுதிக் கொடுங்கள்.

சொல்லே இல்லாமல் உருவங்களை வைத்துக் கேட்கிற பரிசோதனைகளும் உண்டு. விடுபட்ட துண்டைத் தெரிந்து நிரப்புவது போன்ற 36 படங்கள் கொண்ட வண்ணத் தொகுதி சிறிய பிள்ளைகளுக்கு, 60 கொண்ட தொகுதி பெரிய பிள்ளைகளுக்கும் வளர்ந்தவர்களுக்கும். மொழிக் குழப்பம் அதில் குறைவு. காலையில், சாப்பிட்டு, காய்ச்சல் தடிமன் இல்லாத நாளில், கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு கூட்டிச் செல்லுங்கள். முதலே படங்களைப் பழக்காதீர்கள். பழக்கினால் புள்ளி ஏறும், உண்மை தெரியாமல் போகும்.

விசேட கல்வி அலகு கெட்ட இடமல்ல. அதனால் நன்மை பெறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் மாற்றம் என்பது கண், காது, தமிழில் செய்த மதிப்பீடு, வகுப்பாசிரியர் அறிக்கை எல்லாம் மேசையில் வந்தபின் எடுக்கிற முடிவு. சாதாரண வகுப்பிலேயே இருந்து சில பாடவேளைக்கு மட்டும் அலகுக்குப் போகும் வழியையும் கேளுங்கள்.

*

கேள்வி: தரம் 9 மகன் நன்றாகக் கதைப்பான், கேட்டால் எல்லாம் சொல்வான். எழுதத் தெரியாது. ரியூசனில் அடிக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையில் சலுகை கிடைக்குமா?
– தாய், சுன்னாகம்

பதில்: அடியை இன்றே நிறுத்துங்கள். பள்ளிக்கூடத்தில் உடல் தண்டனை கூடாது என்று கல்வியமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. ரியூசனுக்கு அது பொருந்தாது என்றால், அந்த ரியூசனை விட்டுவிடுங்கள். வாசிக்க முடியாத பிள்ளை அடியால் வாசிக்கத் தொடங்காது.

மகனின் நிலையை ஆசிரியரே இருபது நிமிடத்தில் ஓரளவு அறியலாம். முதலில் எழுத்து: உயிர், மெய் தெரிகிறதா, உயிர்மெய்யில் எந்த வரிசையில் தடக்குகிறார். தமிழில் கொம்பு பெரிய சிக்கல். "கொ" என்று எழுதும்போது கொம்பு முன்னாலும் அரவு பின்னாலும் நிற்கும். ஆனால் வாய்க்கு முதலில் வருவது ககரம். எழுத்தை இடமிருந்து வலமாக உடைத்து வாசிக்கிற பிள்ளை இங்கே தடுமாறும். அடுத்து பழகிய சொற்கள். அதன்பின் பொருளில்லாத சொற்கள்: "பேதுமி", "கொடபி" போல. மனப்பாடத்தால் சமாளித்த பிள்ளை இதில் பிடிபடும். பிறகு தரம் 5 மட்டத்துப் பந்தி ஒன்றை அவர் வாசித்துக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அதே மட்டத்து வேறொரு பந்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். கேட்டு விளங்குவது நன்றாகவும் வாசித்து விளங்குவது மோசமாகவும் இருந்தால், வாசிப்பில்தான் குறிப்பான சிரமம். இரண்டும் மோசமென்றால் கேட்டல், மொழி, பொது ஆற்றல் என்று வேறு பக்கமும் பார்க்க வேண்டும். ந–ன, ள–ழ மாறுவதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. காதில் ஒன்றாகவே விழுகிற எழுத்துக்கள் அவை. வாசிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் அதில் பிழை விடுவார்கள்.

இந்தத் தாள்களை கடிதத்தோடு இணையுங்கள். பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வழங்குகிறது. விண்ணப்பம் அதிபர் ஊடாக, மருத்துவ அறிக்கையோடு போக வேண்டும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஓடிப்போனால் அறிக்கை நேரத்துக்கு வராது. "ஒரு தவணையாக இந்த உதவி கொடுத்தோம், இன்னும் இவ்வளவு சிரமம்" என்று பள்ளிக்கூடம் எழுதியிருக்க வேண்டும். அதற்கு இப்போது, தரம் 9 இலேயே தொடங்குவதுதான் சரியான காலம். புலமைப்பரிசில் முடியட்டும், சாதாரண தரம் முடியட்டும் என்று தள்ளிவைத்தே எத்தனையோ பிள்ளைகளின் பள்ளிக்காலம் போய்விடுகிறது.

*

கேள்வி: பெற்றோர் சம்மதிக்காவிட்டால் பள்ளிக்கூடம் பிள்ளையைத் தானாக அனுப்பலாமா?
– அதிபர், தீவகம்

பதில்: சாதாரண நிலைமையில் இல்லை. மறுத்த திகதியையும் காரணத்தையும் எழுதி வையுங்கள், ஒரு மாதத்தின் பின் மீண்டும் கூப்பிடுங்கள். இரண்டாம் தடவை தாயை மட்டும் அல்லாமல் தந்தையையோ, வீட்டில் சொல்லுக்கு மதிப்புள்ள மாமாவையோ வரச் சொல்லுங்கள். கண் பரிசோதனையிலிருந்து தொடங்குவோம் என்றால் அநேகர் இணங்குவார்கள். பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்ற சந்தேகமோ உயிராபத்தோ இருந்தால் சம்மதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள், பிரதேச செயலகத்துக்கும் சொல்லுங்கள். துன்புறுத்துகிறவர் வீட்டில் இருக்கலாம் என்ற இடத்தில் முதலில் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு அறிவிப்பது பிள்ளையை இன்னும் ஆபத்தில் விடும்.

*

கேள்வி: தரம் 11 மாணவி ஒருவர், "ரீச்சர், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினால் ஒண்டு சொல்லுவன்" என்றார். சத்தியம் பண்ணினேன். சாக வேண்டும் போலிருக்கிறதாம். இப்போது என்ன செய்வது?
– உளவளத்துணை ஆசிரியை, வலிகாமம்

பதில்: இதைப் படித்த உடனே, இதழ் வரும்வரை காத்திருக்காமல் உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறோம். மற்ற ஆசிரியர்களுக்காக இங்கே தருகிறோம்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது. மாணவியிடமே போய், "நீர் என்னை நம்பிச் சொன்னது நல்லது. ஆனால் உம்மட உயிர் சம்பந்தப்பட்டதை நான் தனிய வைச்சிருக்க ஏலாது. ஆரிட்ட, எப்பிடிச் சொல்லுவம் எண்டு ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்பம்" என்று சொல்லுங்கள். இனிமேல் எந்த மாணவரோடும் கதை தொடங்கும்போதே, உமக்கோ மற்றவருக்கோ ஆபத்தென்றால் மட்டும் வெளியே சொல்வேன் என்று சொல்லிவிட வேண்டும்.

நேராகக் கேளுங்கள். "சாக வேணும் எண்ட எண்ணம் எப்ப இருந்து வருது? எப்பிடி எண்டு யோசிச்சிருக்கிறீரா? இண்டைக்கு ஏதும் செய்யிற எண்ணம் இருக்கா? முந்தி ஏதும் செய்தனீரா?" கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. கேட்க ஒருவர் இருக்கிறாரென்ற ஆறுதல்தான் வரும். வழியும் நாளும் மனதில் இருக்கிறது என்றாலோ முன்னர் முயன்றிருந்தாலோ, அன்றைக்கே வைத்தியசாலை. வெளிநோயாளர் வரிசையில் நிற்கத் தேவையில்லை, அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகலாம். வண்டி இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் சேவையைக் கூப்பிடுங்கள். பெற்றோர் வந்து பொறுப்பெடுக்கும்வரை ஒரு நிமிடமும் தனியே விட வேண்டாம். மலசலகூடத்துக்குப் போனாலும் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். மற்ற மாணவியைக் காவலுக்கு விடாதீர்கள், அந்தப் பாரம் ஒரு பிள்ளைக்குத் தாங்காது.

பெற்றோரிடம் சொல்லும்போது திட்டவோ அடிக்கவோ கூடாது என்று முதலில் வாக்கு வாங்குங்கள். வீட்டில் இருக்கிற விவசாய மருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றே பூட்டி வைக்கவோ அகற்றவோ சொல்லுங்கள். இதை விளக்கமாக, பொருட்களைப் பேர் சொல்லிக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பொலிஸ் வருமோ என்று பல குடும்பங்கள் மறைக்கின்றன. இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 இலிருந்து குற்றமில்லை. இரவில் கதைக்க ஆள் வேண்டுமென்றால் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது. அந்த இலக்கத்தை மாணவியின் கொப்பியில் நீங்களே எழுதிக் கொடுங்கள். அடுத்த நாள் பள்ளிக்கு வந்தால் முதல் மணிக்கு முன்னமே போய்ப் பாருங்கள்.

*

கேள்வி: கிளினிக்குக்குப் போய் வந்து ஐந்து மாதம். வகுப்பில் எதுவும் மாறவில்லை.
– தந்தை, மானிப்பாய்

பதில்: அநேகமாகக் கிளினிக்கில் சொன்னது பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரவில்லை. கிளினிக் கொப்பி உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும், ஆசிரியர் "பதில் வரவில்லை" என்று இருப்பார். அடுத்த தடவை போகும்போது, பள்ளிக்கூடம் செய்ய வேண்டியதை அரைப்பக்கத்தில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நோயின் பெயர் அதில் இருக்கத் தேவையில்லை. முன் வாங்கு, கரும்பலகையில் இருப்பதை அச்சிட்டுக் கொடுத்தல், வாய்மொழியாகக் கேட்டல், மாத்திரை போடும் நேரம், எதைக் கண்டால் அறிவிக்க வேண்டும் என்பவை இருந்தால் போதும். பிரதி எடுத்து ஒன்றை அதிபருக்கும் ஒன்றை வகுப்பாசிரியருக்கும் கையில் கொடுங்கள். ஆறு கிழமை கழித்து மூவரும் பத்து நிமிடம் இருந்து, எது நடந்தது எது நடக்கவில்லை என்று பார்க்கிற திகதியை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

வருடம் மாறும்போது இன்னும் கவனமாயிருங்கள். வகுப்பாசிரியர் மாறினால் அந்த அரைப்பக்கம் பழையவரோடு போய்விடும். புதிய வகுப்பு தொடங்கிய முதற்கிழமையே புதிய ஆசிரியருக்கு ஒரு பிரதி கொடுங்கள்.